நான்கு போர்ட் ஃபயர்வோல்: எதை எதில் சொருகுவது, எதைத் தொடாமல் விடுவது

இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கொழும்பு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு கணக்காய்வு நிறுவனமாக இருக்கலாம், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பனியாகவும் இருக்கலாம். ஒரு பைபர் இணைப்பு இருக்கிறது. அது விழுந்தால் கைகொடுக்க ஒரு 4ஜி ரவுட்டர் இருக்கிறது. உள்ளே ஊழியர்களின் கணினிகள், விருந்தினர் வைஃபை, சிசிடிவி கமராக்கள், யாழ்ப்பாணக் கிளைக்கு ஒரு விபிஎன் (இணையத்துக்குள்ளே போகும் தனிச் சுரங்க இணைப்பு). இத்தனைக்கும் நடுவில் நான்கு கிகாபிட் போர்ட் உள்ள ஒரு ஃபயர்வோல் பெட்டி. அது பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஃபோர்டிகேட், மைக்ரோடிக் என எதுவாகவும் இருக்கட்டும். இடைமுக அமைப்புகளின் பக்கத்தைத் திறந்தால் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எம்டியு (ஒரு தடவையில் போகும் தரவுப் பொதியின் உச்ச அளவு) எவ்வளவு, எம்எஸ்எஸ் (அந்தப் பொதிக்குள் உண்மையான தரவுக்குக் கிடைக்கும் இடம்) எவ்வளவு, வேகம் எது, மெக் முகவரி (வலை அட்டையின் சொந்த எண்) எது, ஒஃப்லோட் (செயலியின் வேலையை வலை அட்டைக்குக் கொடுப்பது) வேண்டுமா, தனியார் முகவரிகளைத் தடுக்கவா.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியே ஒரு விடையை எழுதி வைத்திருக்கிறது. லைனோ கேபிளோ கட்டாயப்படுத்தினால் ஒழிய அந்த விடையில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. வேகம் கூடும் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதெல்லாம் காரணம் ஆகாது. ஆனால் இரண்டு முடிவுகளைப் பெட்டி நமக்காக எடுக்காது: வெளி லைனை எப்படி உள்ளே எடுப்பது, உள்வலைகளை எத்தனை கேபிளில் பிரிப்பது. அந்த இரண்டையும்தான் முதலில் ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

வெளி லைன்: ரவுட்டரை அப்படியே விடுவதா, பிரிட்ஜ் செய்வதா

முதல் வழி சுலபம். இணையக் கம்பனி கொடுத்த பைபர் ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதன் லான் போர்ட்டிலிருந்து ஃபயர்வோலுக்கு ஒரு கேபிள் இழுப்பது. ஃபயர்வோல் தானாக ஒரு 192.168 முகவரியை வாங்கிக்கொள்ளும். தொலைபேசி, பியோ டிவி (அதே லைனில் வரும் தொலைக்காட்சி) எதற்கும் இடைஞ்சல் இல்லை. லைன் பிழை என்று உதவி எண்ணுக்கு அடித்தாலும் அவர்களுக்குத் தெரிந்த பெட்டிதான் அவர்கள் முன்னால் இருக்கும்.

சிக்கல் அதற்கு அப்புறம் தொடங்கும். முதலாவது, முகவரி மோதல். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் தங்கள் உள்வலைக்கு 192.168.1.1 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. பல ரவுட்டர்களும் அதே முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வலை என்றால் ஃபயர்வோலுக்குத் திசை தெரியாது, இணையம் வராது. உள்வலையை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும். இரண்டாவது, முகவரி மாற்றம் (உள்ளே உள்ளவர்களின் முகவரியை வெளி முகவரியாக மாற்றி அனுப்புவது) இரண்டு தடவை நடக்கிறது. வெளியிலிருந்து விபிஎன் வர வேண்டுமானால் ரவுட்டரில் ஒரு வழி, ஃபயர்வோலில் இன்னொரு வழி என்று இரண்டு இடத்தில் திறந்துவிட வேண்டும். ஒன்றை மறந்தால் மற்றது வீண்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஃபயர்வோல் ஒரு லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வழக்கமாக அந்த லைனின் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியில் உள்ள அடுத்த கருவியை, பிங் செய்து (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று) பார்க்கும். இங்கே கேட்வே என்பது மேசைக்குக் கீழே இருக்கும் ரவுட்டர். காலி வீதியில் யாரோ தோண்டி பைபரை அறுத்துவிட்டாலும் அந்த ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபயர்வோலும் லைன் நன்றாக இருப்பதாக நம்பி 4ஜிக்கு மாறாமலே நிற்கும். மாற்று லைனுக்கு மாதா மாதம் காசு கட்டியும், தேவைப்படும் நேரத்தில் அது எழும்பாது. இந்த வழியைத் தெரிவு செய்தால் கண்காணிப்பு முகவரியைக் கட்டாயம் வெளியே உள்ள ஒன்றுக்கு, உதாரணமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 க்கு, மாற்றுங்கள். இரண்டு லைனுக்கும் இரண்டு வெவ்வேறு முகவரிகளைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: வெளி இடைமுகத்தில் 'தனியார் முகவரிகளைத் தடு' என்றொரு பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கும். 10, 172.16, 192.168 என்று தொடங்கும் வலைகளைப் பற்றியது. வெளிப்பக்கமே தனியார் வலையாக இருக்கும்போது இதை எடுத்துவிடுவது நல்லது. எடுக்காவிட்டாலும் ஊழியர்கள் இணையம் பார்ப்பது நிற்காது, ஏனென்றால் உள்ளிருந்து தொடங்கிய இணைப்புக்கு வரும் பதில் அந்த விதியில் சிக்காது. ரவுட்டர் பக்கமிருந்து தானாக வருவதுதான் நிற்கும்.

இரண்டாவது வழி, ரவுட்டரை பிரிட்ஜ் முறையில் (முகவரி மாற்றாமல் லைனை அப்படியே கடத்திவிடும் முறையில்) போடச் சொல்லி, பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து லைனுக்குள் நுழையும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, ஃபயர்வோலே நேராக டயல் செய்வது. முகவரி மாற்றம் ஒரு தடவையோடு முடிந்துவிடும். கம்பனி பொது முகவரி கொடுத்தால் அது நேராக ஃபயர்வோலுக்கே வரும். பைபர் அறுந்தால் பிபிபிஓஇ இணைப்பு தானே விழும், ஃபயர்வோலுக்கும் விளங்கும், 4ஜி எழும்பும். கண்காணிப்பு முகவரியில் தந்திரம் எதுவும் தேவைப்படாது.

இதற்கும் விலை உண்டு. பிரிட்ஜ் செய்யும்போது இணையச் சேவையை மட்டும் பிரிட்ஜ் செய்யச் சொல்ல வேண்டும். தொலைபேசியும் பியோ டிவியும் அதே பெட்டி வழியே வந்தால் அவை பழையபடி இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான பெட்டிகளில் பிபிபிஓஇ வழியே வரும் பொதிகள் நீண்ட காலமாகச் செயலியின் ஒரே ஒரு கருவில்தான் போய் விழுந்தன. பிஎஃப்சென்ஸ் 2.8 இல் இதற்குப் புதிய இயக்கி வந்திருக்கிறது. கிகாபிட் லைனில் மலிவான பெட்டி திணறுவது அந்த ஒற்றைக் கருவால்தான். 100, 300 மெகாபிட் லைனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டுக்கும் நடுவே, ரவுட்டரின் டிஎம்இசட் பகுதியில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே முகவரிக்குத் திருப்பும் இடத்தில்) ஃபயர்வோலின் முகவரியைப் போடுவது என்றொரு வழியும் உண்டு. கம்பனி பிரிட்ஜ் தர மறுத்தால் அதையே எடுக்கலாம். கண்காணிப்பு முகவரிப் பிரச்சினை அதிலும் அப்படியே இருக்கும்.

என் தெரிவு: பைபரை பிரிட்ஜ் செய்யுங்கள், 4ஜியைத் தொடாதீர்கள். 4ஜி ரவுட்டருக்குக் கிடைக்கும் முகவரி பெரும்பாலும் பலர் பகிர்வது, 100.64 முதல் 100.127 வரையான வீச்சில் வருவது. அதை பிரிட்ஜ் செய்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. பைபர் விழுந்த இரண்டு மணி நேரத்துக்கு மின்னஞ்சலும் வட்ஸ்அப்பும் ஓடினால் போதும். அதற்கு இரட்டை முகவரி மாற்றம் தாராளம்.

உள்ளே: மூன்று கேபிளா, ஒரு ட்ரங்கா, இரண்டு சேர்ந்த லேக்கா

வலைக்கு ஒரு போர்ட் என்பது விளங்குவதற்கு மிக இலகுவான அமைப்பு. நீலக் கேபிள் ஊழியர், மஞ்சள் கேபிள் விருந்தினர் என்று ஒட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியும். சாதாரண சுவிட்ச் போதும். ஆனால் நமது அலுவலகத்துக்கு அது கணக்கிலேயே உதைக்கிறது: வெளியே 2, உள்ளே 3, மொத்தம் 5. போர்ட் 4 தான். ஆறு போர்ட் பெட்டி வாங்கலாம்தான். ஆனால் நாளைக்கு ஐபி தொலைபேசிக்கு ஒரு வலை, கார்ட் மெஷினுக்கு ஒரு வலை என்று கேட்டால் மறுபடியும் பெட்டி மாற்ற முடியுமா? 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகு, இறக்குமதிச் சாமானை அடிக்கடி மாற்றும் திட்டத்தை எந்த முதலாளியும் கேட்க மாட்டார்.

ட்ரங்க் என்பது ஒரே கேபிளில் பல வலைகளை எண் போட்டு அனுப்புவது. ஒவ்வொரு பொதியிலும் 4 பைட் அளவு ஒரு விலான் குறி ஏறும். எண்ணை 1 முதல் 4094 வரை வைத்துக்கொள்ளலாம். ஊழியர் 10, விருந்தினர் 20, கமரா 30 என்று போட்டால் ஃபயர்வோலில் ஒரு போர்ட்டோடு மூன்று வலையும் முடிந்துவிடும். புதிய வலைக்குப் புதிய கேபிள் வேண்டாம். பதிலுக்கு விலான் தெரிந்த, நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று வாங்க வேண்டும், அதன் அமைப்பையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். வேகம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மூன்று வலையும் ஒரு கிகாபிட்டைப் பகிர்வது உண்மைதான். வெளி லைன் 300 மெகாபிட் என்றால் அந்தக் கேபிள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

ட்ரங்கில் ஒரு விதியை மட்டும் கறாராகப் பிடியுங்கள்: குறி போட்ட வலைகளையும் குறி இல்லாத வலையையும் ஒரே போர்ட்டில் கலக்காதீர்கள். குறி இல்லாத பொதி எந்த வலையில் போய் விழும் என்பது சுவிட்சின் இயல்பு விலானைப் பொறுத்தது. பெரும்பாலும் அது 1. சுவிட்சைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் எல்லாப் போர்ட்டும் 1 க்குள் போய்விடும், விருந்தினர் வைஃபையில் இருப்பவர் ஃபயர்வோலின் உள்வலையில் இருப்பார்.

லேக் என்பது இரண்டு போர்ட்டைச் சேர்த்து ஒன்றாக்குவது. எல்ஏசிபி முறையில் சுவிட்சும் சேர்ந்து பேச வேண்டும். 'ஒரு கிகாபிட்டும் ஒரு கிகாபிட்டும் இரண்டு கிகாபிட்' என்று விற்கிறார்கள். ஒரு தனி இணைப்பு, அதாவது ஒரு கோப்பைப் பிரதி எடுப்பது போன்ற ஒன்று, எப்போதும் ஒரே கம்பி வழியேதான் போகும். முகவரிகளையும் இணைப்பின் போர்ட் எண்களையும் (இது கேபிள் சொருகும் போர்ட் அல்ல) கணக்கிட்டு இந்த இணைப்பு இந்தக் கம்பி என்று பெட்டி பிரித்துக் கொடுக்கும். ஆகவே ஒரே ஒரு கணினி ஒரே ஒரு சேவரோடு ஒரே இணைப்பில் பேசும்போது வேகம் அதிகரிக்காது. பலர் ஒரே நேரத்தில் பேசினால்தான் பலன். நம் அளவுக்கு அந்தக் கூட்டம் இல்லை.

லேக்கின் மற்ற முகம், அதாவது ஒரு கம்பி போனால் மற்றது எடுக்கும் ஃபெயிலோவர் முறை, எனக்குப் பிடிக்கும். அதற்கு சுவிட்சில் எந்த அமைப்பும் தேவையில்லை. யாழ்ப்பாணக் கிளையில், ஃபயர்வோலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில், அதைத்தான் போடுவேன்.

கொழும்பு அலுவலகத்தில் அப்படிச் செய்ய மாட்டேன். 1 இல் பைபர், 2 இல் 4ஜி, 3 இல் ட்ரங்க். 4 ஆவது போர்ட்டைக் குறி இல்லாத நிர்வாக வலையாகத் தனியே விடுவேன். மடிக்கணினியைச் சொருகினால் நேரே அமைப்புப் பக்கம் வர வேண்டும், வேறு எதுவும் அதில் தொங்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணம். விலான் வேலை செய்யும்போது ஒரு டிக் பிழைத்தால் ட்ரங்க் வழியே நுழைந்தவர் தன் காலடியைத் தானே வெட்டிக்கொள்வார். தனிப் போர்ட் இருந்தால் அமைதியாகத் திருத்தலாம். மற்றது மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடித்தால், கூரையோரக் கமராவுக்குப் போகும் செப்புக் கேபிள் வழியே வரும் அதிர்ச்சி முதலில் சுவிட்சைத் தாக்கும், சில வேளை அதனோடு சேர்ந்த ஃபயர்வோல் போர்ட்டையும் சுட்டுவிடும். 3 செத்தால் 4 வழியே உள்ளே நுழைந்து விலான்களை அதன் மேல் மாற்றி எழுதிவிட்டு மறுபடி கடை திறக்கலாம். மாற்றும் முறை பெட்டிக்குப் பெட்டி வேறுபடும், முன்பே ஒருமுறை செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டியு: எங்கே எழுதுவது என்பதில்தான் எல்லாம்

பிபிபிஓஇ எடுத்தால் இந்தக் கேள்வி தானாக வரும். சாதாரண ஈதர்நெட் பொதியின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. டிசிபி இணைப்பில் ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 கழித்தால் உண்மையான தரவுக்கு 1452. அதுதான் எம்எஸ்எஸ்.

இதைக் கவனிக்காவிட்டால் வரும் நோய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு: எதுவும் முழுதாக நிற்காது. பிங் போகும், வங்கியின் பக்கம் திறக்கும், கடவுச்சொல்லும் ஏற்கும். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றப் போனால் பாதியில் தொங்கும். பெரிய பொதி போக முடியாதபோது 'சிறிதாக்கி அனுப்பு' என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் யாரோ தடுத்துவிடுவதுதான் காரணம். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் அடைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் ஃபயர்வோலில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தெரிவுகள் இவை. ஒன்றும் செய்யாமல் விடலாம். ஃபயர்வோலே டயல் செய்யும்போது பிஎஃப்சென்ஸ் 1492 ஐத் தானே எடுத்துக்கொள்கிறது. மைக்ரோடிக்கின் இயல்பான பிபிபி சுயவிவரம் எம்எஸ்எஸைத் தானே திருத்துகிறது. பல அலுவலகங்களுக்கு இதுவே போதும். அடுத்தது, வெளி இடைமுகத்தில் எம்எஸ்எஸ் எண்ணைக் கையால் எழுதுவது. மூன்றாவது, 2006 இல் வந்த ஒரு நெறிமுறை விரிவாக்கத்தின்படி கீழ் இடைமுகத்தை 1508 ஆக்கி, பிபிபிஓஇ உள்ளே முழு 1500 ஐ அனுப்புவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மறுமுனையில் இணையக் கம்பனியின் கருவியும் ஒத்துழைத்தால்தான் வேலை செய்யும். 8 பைட்டுக்காக அவ்வளவு பாடுபட நான் தயாரில்லை.

கையால் எழுதுபவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டிலும் எம்எஸ்எஸ் பெட்டியில் எழுதும் எண்ணிலிருந்து அவையே 40 ஐக் கழிக்கும். அங்கே 1492 என்று எழுதினால்தான் 1452 கிடைக்கும். ஃபோர்டிகேட்டில் கட்டளை வரியில் கொடுக்கும் எண் நேரடியானது, அங்கே 1452 என்றே எழுத வேண்டும். ஒரு பெட்டிக்கான வழிகாட்டியைப் பார்த்து மற்றதில் எழுதினால், ஒரு பக்கம் 1412 ஆகிக் கொஞ்சம் வீணாகும். அதையாவது பொறுக்கலாம். மறுபக்கம் 1492 என்றே விழுந்து திருத்தமே நடக்காமல் போய்விடும்.

எழுதிவிட்டுச் சோதிக்க வழி சுலபம். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 1464 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பு 28 சேர்ந்து 1492 ஆகும், அது போக வேண்டும். 1465 போகக் கூடாது.

யாழ்ப்பாண விபிஎன்னுக்கு இந்தக் கணக்கு இன்னொரு அடுக்கு ஏறுகிறது. விபிஎன் மென்பொருளான வயர்கார்டின் இயல்பு எம்டியு 1420. அது 1500 இலிருந்து 80 கழித்தது. பிபிபிஓஇ லைனில் 1492 இலிருந்து கழித்தால் 1412 வர வேண்டும். சுரங்கத்தின் இரண்டு முனையிலும் அதை எழுதுங்கள். கணக்கு மென்பொருள் கொழும்பிலிருந்து திறக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து திறந்தால் தொங்குகிறது என்ற முறைப்பாடு வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

உள்வலையை 9000 பைட் ஜம்போ ஆக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த வலையில் உள்ள எல்லாக் கருவியும் அதே அளவை ஏற்க வேண்டும். மலிவுக் கமராவும் பிரிண்டரும் ஏற்காது.

மிச்சம்

வேகமும் டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப்): தானியங்கியில் விடுங்கள். செப்புக் கம்பியில் கிகாபிட் இயங்குவதற்கே இரு முனைகளும் பேசி ஒத்துக்கொள்வது கட்டாயம். ஒரு முனையை 100 ஃபுல் என்று பூட்டி மறுமுனையைத் தானியங்கியில் விட்டால், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் நன்றாக இருக்கும், பாரம் ஏறினால் வேகம் செத்துவிடும். வெளிக் கம்பனியின் கருவி பூட்டப்பட்டிருந்தால் மட்டும் நீங்களும் அதே எண்ணுக்குப் பூட்டுங்கள். கடலோரம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கிகாபிட் போர்ட் ஒன்று 100 க்கு இறங்கினால் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும், 100 க்கு இரண்டு போதும். உப்புக் காற்றில் ஒரு தொடுமுனை கறுத்தாலே போதும். 100 க்குப் பூட்டி அமைதியாக்குவது நோயை மறைப்பதுதான். புது முனை அடிக்க ஐந்து நிமிடம்.

மெக் முகவரியை மாற்றுவது, லைன் பழைய கருவியின் முகவரியோடு கட்டப்பட்டிருந்தால் மட்டும். மோடத்தைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தாலே பல வேளை தீர்ந்துவிடும்.

ஒஃப்லோடில் மூன்று வகை. பொதிகளை அட்டையே வெட்டி ஒட்டும் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ இரண்டும் ஃபயர்வோலுக்கு ஆகாது. அவை கடைசிக் கணினிக்காக வந்தவை, பிஎஃப்சென்ஸ் அவற்றை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது. செக்சம் (பொதியில் பிழை உண்டா என்று பார்க்கும் எண்) ஒஃப்லோடை விட்டுவைக்கலாம், இரண்டு விதிவிலக்கோடு. ஃபயர்வோலை புரொக்ஸ்மொக்ஸில் மெய்நிகர் இயந்திரமாக ஓட்டினால் அதையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிங் போகும், இணையப் பக்கம் திறக்காது. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் சுரிகாட்டா மென்பொருளை இடைமறிக்கும் முறையில் ஓட்டினாலும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும்.

வெளி லைனை பிரிட்ஜுக்கு மாற்றும் வேலைக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை நாளை எடுங்கள். முதல் நாளே ஃபயர்வோலின் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கி, அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ கடவுச்சொல் கையில் எழுத்தாக இருக்க வேண்டும். உதவி எண்ணில் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று போகக் கூடாது. மதியத்துக்குள் லைன் எழும்பாவிட்டால் பிரிட்ஜை எடுக்கச் சொல்லி ரவுட்டரைப் பழையபடி மாற்றிவிட்டு, கண்காணிப்பு முகவரியோடு முதல் வழியிலேயே ஒரு மாதம் ஓடுங்கள். அடுத்த மாதமும் ஒரு போயா வரும்.